லைற்றை மட்டும் நிப்பாட்டித் தாங்கோ

பஸ் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வாசலில் நிண்டது. அம்மம்மாவுக்கு அண்டைக்கு மாதக் கிளினிக். கொண்டக்டர் "கெதியா இறங்குங்கோ, கெதியா" எண்டு அவசரப்படுத்த, அவ ஒரு காலை நிலத்தில வைச்சா, நான் கையைப் பிடிச்சன். மற்றக் கால் நிலத்தில பட்டதும் படாததுமாய் றைவர் அக்சிலேற்றரை மிதிச்சார். பஸ் போன பிறகு எங்களைச் சுத்திக் கறுப்பாய் ஒரு திரை. அம்மம்மா முட்டு வருத்தக்காரி. வாசல் மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, பையுக்குள்ள இருந்த பம்பை எடுத்து ரெண்டு தரம் அடிச்சிட்டுத்தான் உள்ளுக்குப் போனா. வருத்தத்துக்கு மருந்து எடுக்க வந்த இடத்தில, வாசலிலேயே வருத்தம்.

இந்த ஆஸ்பத்திரிக்குள்ளதான் வடக்கின் புற்றுநோய் வைத்தியசாலையும் இருக்கு. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து சேர்த்த காசில் எழும்பினது. அடுத்த வருசமே, 2012 ஜூனில, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. சிகரெட் புகையும் அஸ்பெஸ்ரஸும் இருக்கிற அதே தொகுதி. ஆஸ்பத்திரி மதிலில் "புகைத்தல் தடை" எண்டு எழுதியிருக்கும். பஸ்ஸுக்கு வாசிக்கத் தெரியாது.

சரி, அந்தப் பஸ் களவாய் ஓடுற பஸ்ஸா? இல்லை. முன்கண்ணாடியில அந்த வருச லைசன்ஸ் ஒட்டியிருந்ததை நான் கண்ணால பாத்தனான். லைசன்ஸ் இருக்கெண்டால் புகைச் சான்றிதழும் இருக்கு. அது இல்லாமல் லைசன்ஸ் குடுக்க மாட்டினம். ஆகவே சட்டத்தின்படி அந்தப் பஸ் சுத்தம். சட்டத்தின்படி அம்மம்மா சுவாசிச்சது நல்ல காற்று.

இதைச் சொன்னால் எல்லாரும் சொல்லுற முதல் பதில்: "ஏமாத்தித்தான் எடுத்திருப்பாங்கள்." எனக்கு இந்தப் பதில் கண்ணில காட்டக் கூடாது. ஏமாத்தவே தேவையில்லை எண்டதுதான் என்ர வாதம். எங்கட புகைச் சோதனை, ஒரு வாகனம் வருசத்தில ஒருநாள், சில நிமிசம், நிண்ட இடத்தில நல்ல பிள்ளையாய் இருந்தால் போதும் எண்டு வடிவமைக்கப்பட்டிருக்கு. அது அளக்கிறது காற்றை இல்லை.

கலைப்பீடத்தில இருந்துகொண்டு எஞ்சினைப் பற்றி என்ன கதை எண்டு கேக்கிற ஆக்களுக்கு: என்ர மாமாவுக்கு சின்னக் கராஜ் ஒண்டு இருக்கு. ஓ.எல். சோதனை முடிஞ்ச காலம் முழுக்க நான் அங்க ரோர்ச் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். கார்ல் மார்க்ஸை விட முதலில காபரேற்றரைத்தான் எனக்குத் தெரியும். அதோட, எது அளக்கப்படுது, எது அளக்கப்படாமல் விடப்படுது, யாருக்காக எண்ட கேள்வி கலைப்பீடத்தின் கேள்வியும்தான்.

எங்கட வீட்டு வாகன வரலாறு மண்ணெண்ணெயில தொடங்குது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கு பெற்றோல் இல்லை. அம்மப்பா இடம்பெயர்ந்து போன இடத்திலயும் தன்ர பழைய ஒஸ்ரின் ஏ40 ஐ விடேல்லை. ஒரு சின்னப் போத்தலில பெற்றோல். காபரேற்றருக்குள்ள சில துளி விட்டு எஞ்சினைப் பத்த வைச்சு, சூடேறினதும் மண்ணெண்ணெயுக்கு மாத்திறது. மண்ணெண்ணெய் பெற்றோல் எஞ்சினுக்குள்ள முழுசாய் எரியாது. வெள்ளையும் நீலமுமாய் புகை, கண் எரியும், உடுப்பெல்லாம் மணக்கும். அந்தப் புகையைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டன். அந்தக் காரில ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளை பெத்த பொம்பிளையள் இருக்கினம். அது வேற வழி இல்லாத சனத்தின்ர புகை.

அப்ப மாமாவிட்ட இருந்த பரிசோதனைக் கருவி மூண்டு: காது, ஸ்குறூட்றைவர், பிளக். பிளக்கைக் கழட்டிப் பாத்தால் எஞ்சினுக்குள்ள நடக்கிறது தெரியும். கரி பிடிச்சிருந்தால் எண்ணெய் கூட, வெள்ளையாய் வெந்திருந்தால் காற்றுக் கூட, மண்ணிறமாய் இருந்தால் சரி. காபரேற்றரில இருக்கிற ஒரு சின்ன ஸ்குறூவைக் கால் சுத்து, அரைச் சுத்துத் திருப்பி அதைச் சரிப்படுத்துவார். அந்த ஸ்குறூவை மறந்திடாதேங்கோ, திரும்ப வருவன்.

நாங்கள் மண்ணெண்ணெயில ஓடின காலத்திலேயே உலகத்தின் மற்றப் பக்கம் கார் தன்னைத் தானே சோதிக்கப் பழகியிருந்தது. அந்தக் கதை லொஸ் ஏஞ்சல்ஸில தொடங்குது. 1950களின் தொடக்கத்தில, அன்னாசிப்பழ வாசத்தின் இரசாயனத்தை ஆராய்ஞ்சுகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் எண்ட விஞ்ஞானி, நகரத்தை மூடின மஞ்சள் மூட்டம் எங்கயிருந்து வருது எண்டு கண்டுபிடிச்சார்: எரியாமல் வெளியேறின பெற்றோல் ஆவியும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலில சமைஞ்சு வாற விசம். கார்க் கம்பனிகள் சண்டை பிடிச்சவை. சட்டம் விடேல்லை. 1970 இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை இறுக்கி, புதுக் கார்களின் புகையில பத்தில ஒன்பது பங்கைக் குறைக்கச் சொன்னது. அது நடக்காது எண்டு சொன்ன அதே கம்பனிகள் 1975 இல் வினையூக்கி மாற்றியோட கார் வித்தவை. சைலன்சருக்கு முன்னால இருக்கிற, தேன்கூடு மாதிரிப் பீங்கான் உள்ள பெட்டி அது. பிளாட்டினம், பலேடியம் பூசினது. பெற்றோலில கலக்கிற ஈயம் அதைக் கொண்டுபோடும். அதால ஈயத்தையும் எடுக்க வேண்டி வந்தது. இலங்கையில ஈயப் பெற்றோல் 2002 இல் முடிஞ்சது. ஏ9 பாதை திறந்து எங்களுக்கு பெற்றோல் தாராளமாய் வந்த வருசமும் அதுதான். நாட்டுக்கு ஈயம் போன வருசம், எங்களுக்கு பெற்றோல் வந்த வருசம்.

மாமாவின்ர ஸ்குறூவுக்கு என்ன நடந்தது? அதைக் கணினி எடுத்துக்கொண்டது. பெற்றோல் 1 கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேணும். 1970களின் கடைசியில வந்த ஒட்சிசன் சென்சர் புகைக் குழாய்க்குள்ள இருந்துகொண்டு, மிஞ்சின ஒட்சிசனைப் பாத்து, "கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு" எண்டு கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கணினி எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும். ஒரு செக்கனுக்குள்ளேயே இது நடந்து முடியும். 1996 இலிருந்து அமெரிக்காவில விக்கிற ஒவ்வொரு காரிலயும், 2001 இலிருந்து ஐரோப்பாவில வந்த பெற்றோல் கார்களிலயும் ஸ்ரியறிங்குக்குக் கீழ 16 ஊசிச் செருகி ஒண்டு கட்டாயமாச்சு. ஓபிடி எண்டு சொல்லுறது அதைத்தான். மாற்றிக்கு முன்னால ஒரு சென்சர், பின்னால ஒரு சென்சர். ரெண்டும் ஒரே மாதிரி ஆடினால், நடுவில இருக்கிற மாற்றி வேலை செய்யேல்லை. உடன டாஷ்போட்டில எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைற் எரியும். நினைவகத்தில பி0420 எண்டு பதிஞ்சு கிடக்கும்.

இப்ப மாமாவிட்டயும் ஸ்கானர் இருக்கு. கையடக்கமான புளூடூத் சாமான், போனில வாசிக்கலாம். போன வருசம் ஒருத்தர் ஜப்பானில இருந்து வந்த பழைய காரைக் கொண்டுவந்தார். லைற் எரியுது. மாமா செருகினார். பி0420. மாற்றி செத்துப்போச்சு. புதுசின்ர விலையைச் சொன்னதும் அந்த அண்ணை சிரிச்சார். பிறகு கேட்டார்:

"மாமா, லைற்றை மட்டும் நிப்பாட்டித் தாங்கோவன்."

மாமா மாட்டன் எண்டார். அந்த அண்ணை வேற எங்கயோ போய் நிப்பாட்டியிருப்பார். பிறகு புகைச் சோதனைக்குப் போய் அந்தக் கார் பாஸும் பண்ணியிருக்கும். என்னெண்டு? பெற்றோல் வாகனத்துக்கு இங்க பாக்கிறது ரெண்டு: காபன் மொனொக்சைட், ஐதரோகாபன். அதுவும் நிண்ட இடத்தில, சும்மா ஓடுற எஞ்சினில. மாற்றி வேலை செய்யிற காருக்கு ஐரோப்பாவில, எஞ்சினைக் கொஞ்சம் கூட்டிப் பிடிச்சு அளக்கிறபோது காபன் மொனொக்சைட் வரம்பு 0.2 வீதம். எங்கட வரம்பு அதைவிடப் பல மடங்கு தளர்வு, காபரேற்றர் காலத்துக்கு வெட்டின சட்டை. கணினி எண்ணெயை ஒழுங்காய் அளந்து விடுற காருக்கு, மாற்றியே இல்லாட்டிலும் அதுக்குள்ள நுழையிறது பெரிய வேலை இல்லை. நைதரசன் ஒட்சைட்டை ஆரும் பாக்கிறதில்லை. அந்தக் கார் தன்ர நோயைத் தானே எழுதி வைச்சிருக்கு. சோதனையில அதைத் திறந்து வாசிக்கிற வேலையே இல்லை. நோயாளி "எனக்கு நெஞ்சு நோகுது" எண்டு கத்த, டொக்டர் நகத்தைப் பாத்திட்டு "நல்லாயிருக்கிறீர்" எண்டு துண்டு எழுதிறார்.

டீசலுக்கு இன்னும் மோசம். அங்க பாக்கிறது புகையின் கறுப்பு மட்டும். நிண்ட வண்டியில அக்சிலேற்றரை அடிவரைக்கும் மிதிச்சு, வெளிச்சம் எவ்வளவு மறையுது எண்டு அளக்கிறது. பிரச்சினை என்னெண்டால், நெஞ்சுக்குள்ள ஆழமாய்ப் போற நுண்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னன். பாரம் ஏத்தி, நிண்டு நிண்டு எழும்புற பஸ்ஸின்ர புகையும், வெறும் பஸ் முற்றத்தில நிண்டு விடுற புகையும் ஒண்டில்லை. சோதனைக்கு முதல்நாள் டீசல் பம்பில எண்ணெயைக் குறைச்சு, அடுத்தநாள் திரும்பக் கூட்டிற கதை எந்தக் கராஜிலயும் கேக்கலாம். காபரேற்றர் ஓட்டோவுக்கும் அப்பிடித்தான். இதுதான் நான் மறக்கவேண்டாம் எண்ட ஸ்குறூ. சோதனைக்குப் போகேக்க அரைச் சுத்து உள்ளுக்கு, வந்தபிறகு அரைச் சுத்து வெளியால. இதைச் செய்யிறவனைக் கள்ளன் எண்டு சொல்ல எனக்கு மனம் வராது. வருசத்தில ஒருநாள் மட்டும் சுத்தமாய் இரு எண்டு கேட்டது நாங்கள்தானே.

"எல்லாம் இந்தியாக் காத்து" எண்டொரு கோஷ்டி இருக்கு. 2022 டிசம்பரில மண்டோஸ் புயல் நேரம் யாழ்ப்பாணத்தில காற்றின் தரம் மோசமாய்ப் போனதும், அந்தத் தூசு எல்லை தாண்டி வந்ததெண்டு அதிகாரிகள் சொன்னதும் உண்மை. வாடைக்காத்துக் காலத்தில வடக்கிலிருந்து அழுக்கு வரும், மறுக்கேல்லை. அந்தக் காத்து ஒரு கிழமையில திரும்பிப் போகும். காங்கேசன்துறை வீதி பஸ் நாளைக்குக் காலமையும் வரும். அதோட, நீங்கள் கை நீட்டுற அந்த இந்தியா 2020 ஏப்ரலில நாலாம் படியிலிருந்து அஞ்சாம் படியைத் தாண்டி ஒரேயடியாய் ஆறாம் படி விதிக்குப் பாஞ்சது. 2023 இலிருந்து புதுக் கார்கள் ஓடுற றோட்டிலயும் வரம்புக்குள்ள நிக்கவேணும் எண்டு கேக்குது. நாங்கள் 2018 இல் இறக்குமதிக்கு யூரோ 4 எண்டு சொன்னம். சொல்லிப்போட்டு, பெரும்பாலான பஸ், லொறிக்கு அடிக்கிறது சாதாரண ஓட்டோ டீசல். யூரோ 4 தரத்துக்கு டீசலில கந்தகம் மில்லியனில் 50 பங்குக்கு மேல இருக்கக் கூடாது. சாதாரண டீசலில அதைவிடப் பல மடங்கு. கந்தகம் வினையூக்கியையும் துகள் வடியையும் நாசமாக்கும். நல்ல எஞ்சினை வாங்கி நஞ்சு பருக்கிற வேலை.

மற்ற வாதம் எனக்கு உண்மையிலயே கஷ்டமானது. "சோதனையை இறுக்கினால் அடி விழுறது ஓட்டோக்கார அண்ணைக்குத்தான், பஸ் முதலாளிக்கு இல்லை." சரியான கதை. 2020 இலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதியே இல்லை. அஞ்சு வருசமாய் நாடு பழசைத்தான் தட்டித் தட்டி ஓடிச்சு. 2022 இல் கியூஆர் வரிசையில நிண்டு பெற்றோல் எடுத்த மனிசனிட்ட போய் மாற்றி வாங்கு எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இப்ப இருக்கிற சோதனை மட்டும் ஏழைக்குச் சாதகமா? சுற்றுலாவுக்கு மாதம் ஒருக்கா ஓடுற வானுக்கும், காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில நாள் முழுக்க ஓடுற பஸ்ஸுக்கும் வருசத்தில ஒரே ஒரு சோதனை. எத்தினை கிலோமீற்றர் ஓடிச்சு, எத்தினை பேரின்ர மூக்குக்கு முன்னால ஓடிச்சு எண்ட கணக்கே இல்லை. அந்தப் புகையைக் குடிக்கிறது ஆர்? ஏசி காருக்குள்ள கண்ணாடி ஏத்திக்கொண்டு போறவரா? தரிப்பிடத்தில நிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையள், சந்தியில மரக்கறி விக்கிற அக்கா, நாள் முழுக்க றோட்டில கிடக்கிற அதே ஓட்டோக்கார அண்ணை. ஏழைக்காகச் சோதனையைத் தளர்த்திறம் எண்டுறது ஏழையின்ர நெஞ்சிலதான் போய் முடியுது.

ஆகவே தொடக்கம் பஸ்ஸிலயும் லொறியிலயும் இருக்கட்டும். வருசத்தில ஒருக்கா இல்லை, ஓடின தூரத்துக்கு ஏத்தமாதிரி. முற்றத்தில இல்லை, சந்தியில, சொல்லாமல் வந்து. 2025 ஜனவரியில "கிளீன் ஸ்ரீலங்கா" எண்டு பொலிஸ் பஸ்களின்ர மேலதிக லைற்றையும் அலங்காரத்தையும் கழட்டச் சொல்லித் திரிஞ்சதை எல்லாரும் பாத்தம். அவ்வளவு ஆளும் நேரமும் இருந்தது. புகைக் குழாய்ப் பக்கம் அதே ஆர்வத்தோட குனிஞ்சு பாத்த ஒருத்தரை நான் காணேல்லை.

செருகி இருக்கிற காருக்கு அதைச் செருகி வாசியுங்கோ. கலிபோர்னியாவில 2000 க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களுக்குப் புகைக் குழாயில எதையும் விடுறதே இல்லை, கணினியைத்தான் கேக்கினம். லைற்றை அழிச்சுப்போட்டு வந்தால் பிடிபடுமோ? பிடிபடும். பிழையை அழிச்சால் கார் தன்ர சுயசோதனைகளை எல்லாம் முதலில இருந்து தொடங்கும், அது முடிய சில நாள் ஓடவேணும். அதுவரைக்கும் "இன்னும் தயாரில்லை" எண்டு அதே செருகி காட்டிக் குடுத்திடும். பல்பைக் கழட்டினாலும் நினைவகம் மறக்காது. இதுக்கு வேண்டிய சாமான் மாமாவின்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடக்கு.

அதுக்காகக் கார் சொல்லுறதை எல்லாம் வேதவாக்கெண்டு நம்பவும் ஏலாது. ஃபொக்ஸ்வாகன் என்ன செய்தது? ஸ்ரியறிங் ஆடாமல் சில்லு மட்டும் சுத்தினால் இது சோதனைக்கூடம் எண்டு கண்டுபிடிச்சு நல்ல பிள்ளையாய் நடிக்கிற மென்பொருளை வைச்சது. 2015 செப்டெம்பர் 18 இல் விசயம் வெளியால வந்தது. உலகம் முழுக்க 1 கோடி 10 லட்சம் கார். றோட்டில சிலது வரம்பை விட 40 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட் கக்கினது. அதைப் பிடிச்சது மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தின்ர சின்னக் குழு ஒண்டு. அளவுகருவியைக் காரின்ர பின்பெட்டிக்குள்ள கட்டி வைச்சு றோட்டில ஓடிப் பாத்தவை. அந்தக் குழுவில அர்விந்த் திருவேங்கடம் எண்டொரு பெயர் இருக்கு. அதைக் கண்டதும் எனக்கு ஒரு சின்னப் புளுகம், ஒளிக்கேல்லை. அதுக்குப் பிறகுதான், 2017 இலிருந்து, ஐரோப்பா புதுக் கார்களை றோட்டிலயும் சோதிக்கத் தொடங்கினது. மாமாவிட்ட இந்தக் கதையைச் சொல்ல அவர் கேட்டார்: "அவங்கள் கணினியில செய்தவங்கள், நாங்கள் ஸ்குறூவில செய்யிறம். வித்தியாசம் என்ன?" அவரிட்ட இதுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வித்தியாசம், அங்க ஆரோ றோட்டில போய் அளந்தவை.

அளக்கிறதைப் பற்றி வலிகாமத்தாருக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில கழிவெண்ணெய் வந்தபோது நாங்கள் கண்டுபிடிச்சது ஆய்வுகூடத்தால இல்லை. வாளியில மிதந்ததாலயும் மணத்ததாலயும். அதையே "இருக்கு, இல்லை" எண்டு வருசக்கணக்காய் இழுத்தவை. 2019 ஏப்ரலில உயர் நீதிமன்றம் அந்த மின் நிலையத்தை நடத்தின கம்பனி 2 கோடி ரூபாய் இழப்பீடு குடுக்கவேணும் எண்டு தீர்ப்புச் சொல்லிச்சு. கண்ணுக்குத் தெரிஞ்ச எண்ணெய்க்கே இவ்வளவு பாடு. காற்றில வாளி விட்டு அள்ளிக் காட்ட ஏலாது. எங்கட பிரதேச சபைக்காரர், மாகாண சுற்றாடல் அதிகாரிகள், பஸ் சங்கங்கள் எல்லாரும் ஒரே மேசையில இருக்கிற கூட்டம் ஒண்டில ஆராவது ஒருத்தர் எழும்பி, ஆஸ்பத்திரி வாசலில காலமை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் நுண்துகள் எவ்வளவு எண்டு கேக்கட்டும். பதில் இருந்தால் நான் இந்தக் கட்டுரையை அழிச்சுப்போடுறன்.

அடுத்த மாசம் என்ர ஸ்கூட்டிக்குப் புகைச் சோதனை. கொஞ்ச நாளாய் பெற்றோல் கூடக் குடிக்குது, பிளக் கறுத்துக் கிடக்கு. மாமா கேட்டார், "போறதுக்கு முதல் கொண்டுவாவன், அரைச் சுத்துத் திருப்பி விடுறன்." திருப்புங்கோ எண்டு சொன்னனான். பிறகு திரும்ப வெளியால எடுக்கவேண்டாம் எண்டும் சொன்னனான். "இழுவை குறையும், ஏத்தத்தில மூச்சு வாங்கும்" எண்டார். யாழ்ப்பாணத்தில எங்க மாமா ஏத்தம்?